போர்முனைக் கூடாரமும் நெய்யூர் ஆஸ்பத்திரியும்

அகஸ்திய மலைச் சரிவில் பிறந்து வரும் நெய்யாறு பூவாரில் கடலோடு கலக்கும் பொழிமுகத்தைக் கடந்து கரையோரமாகத் தெற்கே சென்றால், பொழியூரோடு கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. உள்நாட்டில் பாறசாலை வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையிலும் களியக்காவிளையை அடையும்போது அவ்வாறே ஆகிறது. இந்த எல்லை 1956 நவம்பர் 1-ஆம் தேதி பிறந்தது. அதற்கு முன்னர் இவ்வூர்கள் அனைத்தும் திருவிதாங்கூர் மகாராஜாவின் ஒரே ராஜ்யத்தில் இருந்தன. தமிழும் மலையாளமும் ஒரே வீட்டுத் திண்ணையில் கலந்து புழங்கின. கொள்வினை கொடுப்பினையும் சந்தை வியாபாரமும் நெய்யாற்றின்கரைக்கும் விளவங்கோட்டுக்கும் இடையே ஒரு தடையுமின்றி நடந்தன. தீராத நோய் கண்டவரைக் கட்டிலோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு உறவினர் புறப்பட்ட திசையும் பெரும்பாலும் ஒன்றே. வடக்கே திருவனந்தபுரத்தில் அரசாங்க ஆஸ்பத்திரி இருந்தபோதிலும், தெற்கே கல்குளம் தாலுகாவிலுள்ள நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியை நோக்கியே பலருடைய கால்கள் நடந்தன.

இன்று இதே கிராமங்களில் நர்ஸ் வேலைக்காகக் கடல் கடந்து போன மகளையோ மருமகளையோ உடைய வீடுகள் பல. குவைத், ஈராக், லிபியா என்று யுத்தத்தின் பெயராலேயே உலகம் அறிந்த தேசங்களுக்கும் அவர்கள் போயிருக்கிறார்கள். அங்கே சம்பாதித்து, இங்கே வீடு கட்டி, இரண்டுக்கும் இடையில் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் குலப் பெண்களுக்கு ஆகாதது என்று ஒதுக்கப்பட்டிருந்த இத்தொழில் இம்மண்ணில் இவ்வளவு ஆழமாக வேரூன்றியது எவ்வாறு என்று விசாரிக்கப் புகுந்தால், அந்த விசாரணை நெய்யூருக்கும், நெய்யூரில் எதிர்த் திசையிலிருந்து வந்து குடியேறிய ஒரு மனிதருடைய வாழ்க்கைக்கும் நம்மை இட்டுச் செல்கிறது. யுத்தகளத்தில் காயம்பட்டோருக்குச் சிகிச்சை செய்து பழகிய கைகளோடு இந்நாட்டுக்கு வந்து, மணம் புரிந்து, மூன்று ஆண்மக்களைப் பெற்று, தம் உழைப்புக் காலம் முழுவதையும் தென்னிந்தியாவிலேயே கழித்த தியடோர் ஹோவர்ட் சோமர்வெல்லே அவர். எவரெஸ்ட் சிகரத்தை எட்ட முயன்ற மலையேறி என்றே உலகம் அவரை அறியும். அந்தப் புகழ் அவருடைய வாழ்க்கையை விளக்குவதைக் காட்டிலும் மறைப்பதே அதிகம் என்பது என் துணிபு.

அவருக்கு முன்னரே நெய்யூருக்கு நீண்ட சரித்திரம் இருந்தது. லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே 1838-இல் அங்கே மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1852-இல் வந்த சார்லஸ் கால்டர் லீச் இரண்டே ஆண்டுகளில் முட்டம் கடலில் குளிக்கச் சென்று மூழ்கி இறந்தார். 1861-இல் வந்த ஜான் லோ, வெளிநாட்டு வைத்தியர் ஒருவரை மட்டும் நம்பி ஓர் ஆஸ்பத்திரி நிலைக்க முடியாது என்பதைக் கண்டுகொண்டவராதலின், 1864-இல் உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து ஒரு மருத்துவ வகுப்பை நடத்தினார். கிளை ஆஸ்பத்திரிகள் பின்னாளில் பல ஊர்களில் தோன்றுவதற்கு அடிப்படையாக நின்றது இந்த வகுப்பின் வழிமுறையே. ஆதலால் சோமர்வெல் வெறுங்காட்டில் விளக்கேற்றினார் என்று சிலர் எழுதுவது வரலாறாகாது. ஏற்றிய விளக்கு ஒன்று அங்கே எரிந்துகொண்டிருந்தது. எண்ணெய் குறைந்திருந்த வேளையில் அவர் வந்து சேர்ந்தார்.

இங்கிலாந்தின் வடபகுதியில், வெஸ்ட்மர்லாந்து மாவட்டத்துக் கெண்டல் நகரில், 1890 ஏப்ரல் 16-ஆம் தேதி சோமர்வெல் பிறந்தார். அவருடைய குடும்பம் ‘கே’ என்ற ஓரெழுத்துப் பெயரால் பிரசித்தி பெற்ற பாதரட்சைத் தொழிற்சாலையின் சொந்தக்காரக் குடும்பம். ரக்பி பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்து, லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரியில் மருத்துவப் பயிற்சி பெற்ற அவர், படிப்பு முடிந்த சூட்டோடு முதல் உலக யுத்தத்தில் ராணுவ மருத்துவப் படையில் சேர்ந்து, மேற்கு லங்காஷயர் பிரிவைச் சேர்ந்த காயம்பட்டோர் சிகிச்சை நிலையம் ஒன்றில் பிரான்ஸ் தேசத்துப் போர்முனையில் பணி செய்தார்.

இந்தக் காயம்பட்டோர் நிலையம் எத்தகையது என்பதைச் சற்று விரித்துரைப்பது அவசியம். ஏனெனில் நெய்யூரைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோல் அங்கேதான் கிடக்கிறது. போர்முனைப் பதுங்குகுழியில் அடிபட்ட சிப்பாயை முதலில் அவனுடைய படைப்பிரிவின் மருத்துவர் கட்டுப் போட்டு அனுப்புவார். தூக்குப் படுக்கையிலும் வண்டியிலுமாக அவன் பல மைல் பின்னே, ரயில் பாதையை ஒட்டிக் கூடாரங்களாலும் மரக் கொட்டகைகளாலும் அமைக்கப்பட்ட இந்த நிலையத்துக்கு வந்து சேர்வான். இங்கேதான் அவனை முதன்முதலாகக் கத்தி தொடும். ராணுவச் செவிலியரின் கை தொடுவதும் பெரும்பாலும் இங்கேதான். வந்தவர்களை மூன்று வகையாகப் பிரிப்பார்கள். ரயிலேறிக் கரையோரப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகத் தாங்குபவர் ஒரு வகை. உடனே அறுத்தால் பிழைப்பவர் மற்றொரு வகை. எது செய்தாலும் பிழையாதவர் மூன்றாம் வகை. அவர்களுக்கென்று தனிக் கூடாரம் உண்டு, அங்கே டாக்டருக்கு வேலையில்லை, செவிலிக்கு மட்டுமே வேலை உண்டு. பெனிசிலின் அந்நாளில் இல்லை. எருவிட்டுப் பலகாலம் உழுத பிரெஞ்சு மண் குண்டுத் துணுக்குகளோடு சதைக்குள் புகுந்து அழுகலை உண்டாக்கும்; ஆகவே செத்த சதையை எல்லாம் வெட்டி எறிந்து, புண்ணைத் தைக்காமல் திறந்தே வைத்து, கிருமிநாசினி நீரால் நாள்தோறும் பலமுறை கழுவுவதே சிகிச்சை. வெட்டுவது டாக்டருக்குச் சில நிமிட வேலை. கழுவுவது செவிலிக்குப் பல வாரத்து வேலை.

1916 ஜூலை 1-ஆம் தேதி சோம் நதிக்கரையில் பிரிட்டிஷ் சேனை தாக்குதல் தொடங்கியது. அந்த ஒரே நாளில் அதன் நஷ்டம் 57,470 பேர். அவர்களுள் 19,240 பேர் மாண்டனர். காயம்பட்டோரை ஏற்றிச் செல்ல வேண்டிய ரயில்கள் போதிய அளவில் வந்து சேராமையால், நிலையங்களைச் சுற்றியிருந்த வயல்வெளிகள் முழுவதும் தூக்குப் படுக்கைகள் பரவிக் கிடந்தன. இருபத்தாறு வயதினரான சோமர்வெல்லின் கூடாரத்தில் அறுவை செய்ய நால்வர். வெளியே காத்துக் கிடந்தவர் நூற்றுக்கணக்கானோர். இரண்டு அறுவைகளுக்கு இடையே கிடைத்த ஓய்வில் அவர் வெளியே வந்து, வெயிலில் கிடந்தோரிடையே நடந்து பேசுவார்; தம்மை முதலில் கவனிக்க வேண்டும் என்று அவர்களுள் ஒருவரும் கேட்கவில்லை என்பது அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்த செய்தி. இந்த அநுபவத்தின் விளைவாக அவர் யுத்தத்தையே வெறுப்பவராகித் தம் ஆயுள் முடியும்வரை அந்தக் கொள்கையிலேயே நின்றார்.

எவரெஸ்ட் கதையை இங்கே சுருக்கமாகவே சொல்லலாம். அது வேறு நூல்களில் நிறைய இருக்கிறது. 1922 மே 21-ஆம் தேதி தம் மலையேற்றத் தோழர்களான மாலரி, நார்ட்டன் ஆகியோரோடு பிராணவாயுக் கருவியின் உதவியின்றி ஏறக்குறைய 8,225 மீட்டர் உயரம் ஏறினார். 1924 ஜூன் 4-ஆம் தேதி நார்ட்டனோடு மறுபடியும் ஏறி, தொண்டை அடைத்துக்கொண்டமையால் சிறிது கீழே தங்கிவிட, நார்ட்டன் மட்டும் 8,573 மீட்டரை எட்டினார். கருவியின்றி அதைக் கடந்து ஏறியவர் 1978 வரை இல்லை. இறங்கும் வழியில் சோமர்வெல்லுக்கு மூச்சு முற்றிலும் நின்றுவிட, சாவை எதிர்பார்த்துப் பனியில் உட்கார்ந்தவர், கடைசி முயற்சியாகத் தம் மார்பைத் தாமே அழுத்தித் தொண்டையிலிருந்த அடைப்பை வெளியே தள்ளிப் பிழைத்தார். நான்கு நாள் கழித்து மாலரியும் அக்குழுவைச் சேர்ந்த இர்வினும் மேலே சென்று மறைந்தபோது மாலரியின் கையில் இருந்தது சோமர்வெல் கொடுத்தனுப்பிய புகைப்படக் கருவி.

நம் விஷயத்துக்கு வேண்டியது 1922 ஜூன் 7-ஆம் தேதி நிகழ்ந்த சம்பவம். அன்று பனிச்சரிவில் சிக்கி ஏழு சுமைகூலிகள் மாண்டனர்; வெள்ளையர் ஒருவரும் சாகவில்லை. தப்பியவருள் ஒருவரான சோமர்வெல், தம்மவருள் ஒருவராவது அவர்களோடு இறந்திருக்கலாகாதா என்று வேதனைப்பட்டதைப் பின்னர் எழுதியும் வைத்தார். சோம் நதிக்கரையில் தம்மை முதலில் கவனி என்று கேளாமல் கிடந்தவர்களும், பிறருடைய கீர்த்திக்காகச் சுமை தூக்கிச் செத்தவர்களும் ஒரே கணக்கில் அவர் மனத்தில் சேர்ந்தார்கள் என்று கருதுவதற்கு இடமிருக்கிறது. அந்தப் பயணம் முடிந்ததும் அவர் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டுத் தென்கோடிவரை வந்தார். நெய்யூரில் டாக்டர் ஸ்டீபன் பியூ என்பவர், தகுதி பெற்ற அறுவை மருத்துவர் தாம் ஒருவரே என்ற நிலையில், நாள்தோறும் வந்து குவியும் நோயாளரோடு போராடிக்கொண்டிருந்தார். வெளியே வரிசை, உள்ளே ஒரே கத்தி. சோமர்வெல் அதை முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறார். உடனே தாமும் கைகொடுத்து வேலை செய்தார். லண்டனில் தமக்காகக் காத்திருந்த ஆஸ்பத்திரிப் பதவியை விட்டுவிட்டு நெய்யூருக்கே வந்துவிடுவதென்று தீர்மானித்தார்.

இந்தத் தீர்மானத்தைத் தியாகம் என்று புகழ்வோர், அத்தியாகத்தைச் செய்யும் சுதந்திரம் அவருக்கு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கெண்டலில் ஒரு தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்தது. கடனுக்காகவோ தங்கையின் கலியாணத்துக்காகவோ அவர் ஊரைவிட்டு வரவில்லை. பின்னாளில் இவ்வூர்களிலிருந்து வெளியே போன செவிலியரோடு அவரை ஒப்பிடும்போது இந்த வேற்றுமை மறக்கத்தக்கதன்று.

தென் திருவிதாங்கூரில் அவர் கண்ட நோய்கள் பிரிட்டிஷ் பாடநூல்களில் இவ்வளவு பெருக்கமாகக் காணப்படாதவை. ஒன்று வயிற்றுவலி, அதாவது முன்சிறுகுடலில் உண்டாகும் புண். விசாகம் திருநாள் மகாராஜா பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஊக்குவித்துப் பரப்பிய மரச்சீனிக் கிழங்கு, அரிசி வாங்க வழியில்லாதவர்களின் தினசரி ஆகாரமாகியிருந்தது. கிழங்கும் காரமான கறியும் ஒருவேளை கஞ்சியுமாக வாழ்ந்த உழைப்பாளிகளிடையே இந்தப் புண் அசாதாரணமாகப் பெருகியிருந்தது. உணவுக்கும் இதற்கும் உள்ள சம்பந்தம் என்ன என்பது அக்காலத்து மருத்துவர்களிடையே விவாதப் பொருளாக இருந்தது. வலி தாளாமல் பல ஆண்டு துடித்தவர்களுக்கு, இரைப்பையை முன்சிறுகுடலுக்கு அடுத்துள்ள சிறுகுடல் பகுதியோடு இணைத்துப் புதுவழி அமைக்கும் அறுவையை நெய்யூரில் மிகப் பெரிய எண்ணிக்கையில் செய்தார்கள். சோமர்வெல்லும் அவருடைய சகாவான டாக்டர் இயான் ஓரும் தம் அநுபவங்களை பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகைகளில் எழுதினார்கள். 1948-இல் இரைப்பை, முன்சிறுகுடல் அறுவை குறித்து சோமர்வெல் எழுதிய தனிநூலே வெளிவந்தது. பாறசாலைச் சந்தையில் கிழங்கு விற்றவனுடைய வயிறு லண்டன் மாணாக்கருக்குப் பாடமாயிற்று.

மற்றொன்று வாய்ப்புற்று. வெற்றிலை பாக்கோடு புகையிலையைச் சேர்த்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் பழக்கத்துக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பை டாக்டர் ஓர் திருவிதாங்கூர் நோயாளரைக் கொண்டு ஆராய்ந்து 1933-இல் ‘லான்செட்’ பத்திரிகையில் எழுதிய கட்டுரை, இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுவது. ரேடியத்தைக் கொண்டு புற்றுக்குச் சிகிச்சை செய்யும் வசதி நெய்யூரில் ஏற்பட்டது. பெரிய நகரங்களிலேயே அரிதாயிருந்த அவ்வசதி தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு சிற்றூரில் இருந்தது என்பதைக் கேட்போர் வியப்பர். வியப்பதைவிட, அங்கே வந்து சேர்ந்த கன்னப்புற்றுக்காரர்களின் கூட்டத்தை நினைத்துப் பார்த்தால் காரணம் தானே விளங்கும்.

இவ்வளவு அறுவைகளும் நடந்ததற்குப் பின்னே நின்றவர் யார்? ஒரு நாளில் ஒரு டாக்டர் எத்தனை வயிற்றைத் திறக்க முடியும் என்பது அவருடைய கத்தியின் வேகத்தைப் பொறுத்ததன்று. திறந்த வயிறுகள் மூடியபின் அவற்றுக்கு உரியவர்களை இரவெல்லாம் கண்விழித்துக் காக்கும் கைகள் எத்தனை என்பதையே பொறுத்தது. யுத்தகாலக் கூடாரத்தின் பாடம் அதுதான். நோயாளியின் உறவினர் பானையும் அரிசியுமாக உடன்வந்து ஆஸ்பத்திரி வளாகத்திலேயே பொங்கிக் கொடுத்து, விசிறி, கால் பிடித்து, பணிவிடை செய்தார்கள். மருந்து கலக்கவும் கட்டுப் போடவும் கம்பவுண்டர்களும் டிரஸ்ஸர்களும் இருந்தார்கள். ஆயினும் கட்டு அவிழ்த்துப் புண் கழுவுவதும், ஜுரத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறித்துவைப்பதும், அழுகல் தொடங்கும் முதல் வாடையை அறிந்து டாக்டரை எழுப்புவதும் பயிற்சி பெற்ற செவிலியின் காரியம்.

அக்காரியத்துக்குப் பெண்கள் கிடைப்பது அந்நாளில் எளிதாக இல்லை. திருவிதாங்கூர் அரசாங்க ஆஸ்பத்திரிகளிலேயே செவிலியர் பணிக்காக 1906-இல் சுவிட்சர்லாந்திலிருந்து ஹோலி கிராஸ் சபைச் சகோதரிகளை வரவழைக்க வேண்டியிருந்தது. அந்நிய ஆண்மகனின் உடம்பைத் தொடுவது, மலசலம் எடுப்பது, எந்த ஜாதியாரானாலும் இரத்தத்தைக் கையால் துடைப்பது ஆகிய இம்மூன்றும் தீட்டென்றும் இழிவென்றும் கருதப்பட்ட சமுதாயத்தில், டாக்டரான பெண்ணுக்குக் கிடைத்த மரியாதையில் பாதியும் செவிலிக்குக் கிடைக்கவில்லை. டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் 1938-இல் ராஜ்யத்தின் சர்ஜன் ஜெனரல் பதவியையே அடைந்தார். நர்ஸ் வேலைக்குப் போகிறேன் என்ற பெண்ணுக்கோ வரன் தேடுவதே பெற்றோருக்குக் கவலையாயிற்று.

மிஷன் வட்டாரத்தில் மட்டும் நிலைமை சற்று வேறு. மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் பெண்களுக்குப் பள்ளியும் லேஸ் பின்னும் வேலையும் தொடங்கியது 1820-களின் முற்பகுதி. தோள்சீலை அணியும் உரிமைக்காகத் தாய்மாரும் பாட்டிமாரும் போராடி 1859-இல் அரசாணை பெற்ற குடும்பங்களின் பெண்கள், எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாய், தம் கையால் சம்பாதித்துப் பழகியவர்களாய், ஜாதித் தீட்டின் கொடுமையைத் தாமே அநுபவித்து அதை மதிக்காதவர்களாய் இரண்டு மூன்று தலைமுறையாக உருவாகி நின்றார்கள். 1936 நவம்பர் 12-ஆம் தேதி ஆலயப் பிரவேச விளம்பரம் வெளியாகும்வரை கோயில் வாசலைத் தாண்டமுடியாதவர்கள் பலர் வாழ்ந்த ராஜ்யத்தில், அவர்களுடைய பெண்கள் ஆஸ்பத்திரி வார்டில் உயர்ஜாதி நோயாளியின் புண்ணைக் கழுவினார்கள் என்பதை ஒரு சமூக மாற்றமாக நாம் போதிய அளவு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. வார்டில் ஜெபமும் பிரசங்கமும் நடந்தன. மதப்பிரசாரத்துக்கு ஆஸ்பத்திரி ஒரு கருவி என்ற குறைகூறல் அந்நாளிலேயே உண்டு, அது ஆதாரமற்றதுமன்று. எனினும் பிரசங்கத்தைவிட அந்தக் கை கழுவிய புண்ணே அதிகம் பேசியிருக்கும் என்று தோன்றுகிறது.

சோமர்வெல்லுடைய பெயர் நிற்பதற்கு அவருடைய சேவை மட்டுமே காரணமன்று; அவர் எழுதினார் என்பதும் காரணம். எவரெஸ்ட்டையும் நெய்யூரையும் இணைத்து 1936-இல் ஒரு சுயசரிதமும், நெய்யூர் அறுவை வாழ்க்கையைப் பற்றித் தனியாக ஒரு நூலும் அவர் வெளியிட்டார். சித்திரமும் தீட்டுவார், திபெத்திய மெட்டுகளைக் கேட்டு எழுதிவைக்கும் அளவுக்கு சங்கீதமும் அறிவார். தம்மைப் பற்றிய சாட்சியங்களைப் பல வடிவில் விட்டுச்செல்லும் வல்லமை அவருக்கு இருந்தது. செவிலியருள் அவ்வாறு எழுதியவர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவரை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். சுமத்ரா தீவின் மேடான் நகரில் பிறந்து, மலாயாவில் செவிலியும் மருத்துவச்சியுமாகப் பயின்று, இலங்கைத் தமிழ் வம்சத்தவரான டாக்டர் கார்த்திகேசுவை 1919-இல் மணந்து, ஈப்போ நகரில் அவரோடு சேர்ந்து மருத்துவ நிலையம் நடத்திய சிபில் கார்த்திகேசு, ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் பாப்பான் என்ற சிற்றூரில் இருந்துகொண்டு காட்டிலிருந்த எதிர்ப்புப் படையினருக்கு ரகசியமாகச் சிகிச்சை செய்தார். 1943-இல் ராணுவப் போலீஸாரிடம் சிக்கிச் சொல்லொணாச் சித்திரவதைக்கு ஆளாகியும் ஒருவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. யுத்தம் முடிந்தபின் ஜார்ஜ் பதக்கம் பெற்ற அவர், அந்தக் காயங்களின் விளைவாகவே 1948 ஜூன் மாதம் ஸ்காட்லாந்தில் இறந்தார். அவர் எழுதிவைத்த நினைவுக் குறிப்பு 1954-இல் நூலாக வராதிருந்தால், அந்த வீரமும் சிறு வட்டத்துக்குள்ளேயே மறைந்திருக்கும்.

1925-இல் சோமர்வெல் மார்கரெட் ஹோப் சிம்ப்சன் என்பவரை மணந்தார். லிவர்பூல் வங்கியின் தலைமை நிர்வாகியுடைய மகளான அவ்வம்மையார், மூன்று மக்களை இந்த வெயிலிலும் மழையிலும் பெற்று வளர்த்தார். மிஷன் பங்களா வாழ்க்கை வசதி நிறைந்தது என்று வெளியே நின்று பார்ப்பவருக்குத் தோன்றலாம். ஆனால் பிள்ளைகள் பள்ளிப் பருவம் எய்தியதும் அவர்களைக் கப்பலேற்றிச் சீமைக்கு அனுப்பிவிட்டு ஆண்டுக்கணக்கில் கடிதத்தின் வாயிலாகவே வளர்ப்பது அந்நாளைய மிஷனரித் தம்பதியரின் பொது விதி. தாய் ஒரு கண்டத்திலும் பிள்ளை ஒரு கண்டத்திலுமாகக் குடும்பம் நடத்தும் முறையை நெய்யாற்றின்கரை மக்கள் வளைகுடா காலத்தில்தான் புதிதாகக் கற்றார்கள் என்று நினைப்பது தவறு. அவர்களுடைய கண்முன்னே அது ஏற்கெனவே நடந்திருக்கிறது, திசை மட்டுமே வேறு.

இரண்டாம் யுத்தம் மூண்டபோது யுத்தத்தை வெறுத்த இந்த மருத்துவர் நெய்யூரிலேயே இருந்தார். யுத்தமோ வேறு வேடத்தில் நெய்யூருக்கு வந்தது. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும், அங்கிருந்து வந்த அரிசியையே பெரிதும் நம்பியிருந்த திருவிதாங்கூரில் பஞ்சம் தலைகாட்டியது. மரச்சீனி ஏழையின் உணவு என்ற நிலை போய் எல்லாருடைய உணவும் ஆயிற்று. அதே காலத்தில் ராணுவ ஆஸ்பத்திரிகளுக்குச் செவிலியர் மிகுதியாக வேண்டியிருந்தமையால், 1926-இல் நிறுவப்பட்ட இந்திய ராணுவச் செவிலியர் பணியோடு துணைச் செவிலியர் படையும் ஏற்படுத்தப்பட்டு, படித்த இந்தியப் பெண்களுக்கு அதில் இடம் கிடைத்தது. சீருடையும், ராணுவ மரியாதையும், மாதச் சம்பளமும் சேர்ந்து, நர்ஸ் வேலையின் மேலிருந்த பழைய இழிசொல்லில் ஒரு பகுதியைத் துடைத்தன. யுத்தங்கள் செய்த நன்மை என்று எதையும் சொல்ல மனம் கூசுகிறது. இதை ஒரு பக்கவிளைவு என்று மட்டும் குறிக்கிறேன்.

1947 செப்டம்பர் 27-ஆம் தேதி தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, லண்டன் மிஷனின் ஸ்தாபனங்கள் அதனுள் அடங்கின. 1949-இல் சோமர்வெல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவைத் துறை இணைப் பேராசிரியராகச் சென்று, 1961 வரை அங்கே மாணாக்கருக்குக் கற்பித்தார். அவர் வேலூரில் இருந்த காலத்திலேயே நெய்யூரின் பூகோளம் மாறிவிட்டது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் 1956-இல் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கிற்று. மூன்று ஆண்டு கழித்துத் திருச்சபையும் அதே கோட்டைப் பின்பற்றிக் கன்னியாகுமரிப் பேராயம், தென்கேரளப் பேராயம் என இரண்டாகப் பிரிந்தது. நெய்யூர் ஆஸ்பத்திரி தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று. அதன் பெருமையில் பாதியைத் தம்முடையது என்று கருதிய பாறசாலை, காரக்கோணம் பகுதிச் சபைகள் எல்லைக்கு வடக்கே நின்றன. அவர்களுடைய பேராயம் காரக்கோணத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியை நிறுவியபோது அதற்கு டாக்டர் சோமர்வெல் நினைவுக் கல்லூரி என்றே பெயரிட்டது. நெய்யூரை நிலப்படத்தில் இழந்தவர்கள் அதன் மருத்துவருடைய பெயரைத் தம் பக்கம் எடுத்துக்கொண்டார்கள் என்று இதைப் படிக்கலாம். அது அவர்களுக்கு உரிமையானதுதான்.

செவிலியரின் வெளிப்பயணம் தொடங்கியதும் ஏறக்குறைய இக்காலத்தில்தான். 1960-களில் கத்தோலிக்கத் திருச்சபையின் ஏற்பாட்டில் கேரளத்து இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் மேற்கு ஜெர்மனிக்குச் செவிலியராகச் சென்றார்கள். 1965-இல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தைத் திருத்தியதும் வேறொரு வழி திறந்தது. 1973-இல் எண்ணெய் விலை ஏறியபின் வளைகுடா நாடுகள் வாசலை அகலத் திறந்தன. சோமர்வெல்லின் தலைமுறையில் மேற்கிலிருந்து கிழக்கே வந்த சிகிச்சைக் கைகள், அடுத்த தலைமுறையில் கிழக்கிலிருந்து மேற்கே போயின. வரன் கிடைக்குமா என்று கவலைப்பட்ட வீடுகளில், நர்ஸ் படித்த பெண்ணைத் தேடி வரன்கள் வந்தன.

இவர்களையும் யுத்தம் விடவில்லை. 1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் குவைத்தில் புகுந்தபோது அங்கே சிக்கிய இந்தியர்களுள் செவிலியர் கணிசமானோர். அடுத்த இரண்டு மாதத்தில் 1,70,000-க்கு மேற்பட்டோரை விமானங்கள் அம்மான் வழியாகத் தாயகம் சேர்த்தன. 2014-இல் ஈராக்கின் திக்ரித் நகரத்து ஆஸ்பத்திரியில் ஆயுதக் குழுவினரிடம் சிக்கி, மொசூலுக்குக் கொண்டுபோகப்பட்டு, ஜூலை 5-ஆம் தேதி கொச்சிக்குத் திரும்பிய 46 செவிலியரின் கதையை நாடே அறியும். குண்டுச் சத்தம் நெருங்கிய பின்னும் அவர்களுள் பலர் உடனே புறப்படத் தயங்கியதன் காரணத்தை அவர்களே பத்திரிகைகளுக்குச் சொன்னார்கள். பல மாதச் சம்பளம் வரவேண்டியிருந்தது. படிப்புக்கும் வேலை வாங்கித் தந்த தரகருக்கும் வாங்கிய கடன் ஊரில் வட்டி ஏறிக்கொண்டிருந்தது. கெண்டல் தொழிற்சாலையின் மகனுக்கு யுத்தகளத்தை வெறுக்கவும், பதவியைத் துறக்கவும், தாம் விரும்பிய வரிசையின் முன்னே போய் நிற்கவும் முடிந்தது. இவர்களுக்கோ கடன்தான் இடத்தைத் தீர்மானித்தது.

1961-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய சோமர்வெல், 1962 முதல் 1965 வரை ஆல்பைன் கிளப்பின் தலைவராக இருந்து, 1975 ஜனவரி 23-ஆம் தேதி ஆம்பிள்சைடு என்னும் ஊரில் காலமானார். அவர் சார்ந்திருந்த லண்டன் மிஷனின் பதிவேடுகளும் கடிதங்களும் இன்று லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியில் பத்திரமாக இருக்கின்றன; நெய்யூர் டாக்டர்கள் ஒவ்வொருவரையும் அவற்றைக் கொண்டு ஆண்டு தவறாமல் தொடரலாம். அங்கே இரவுப் பணி பார்த்த உள்ளூர்ச் செவிலியரைத் தொடர விரும்புபவர் லண்டன் போய்ப் பயனில்லை. பாறசாலையிலும் மார்த்தாண்டத்திலும் உள்ள சபைகளின் ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகளைப் புரட்டி, பழைய வீடுகளில் சட்டமிட்டு மாட்டியிருக்கும் நர்ஸ் சான்றிதழ்களைப் பார்த்து, அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடம் கேட்டு எழுத வேண்டும். அந்தப் பேரப்பிள்ளைகளுள் பலரை இன்று சந்திக்க வேண்டுமானால் குவைத்துக்கோ பெர்மிங்காமுக்கோ தொலைபேசியில் பேச வேண்டியிருக்கும்.